ஓக் மரத்தடிக் கோரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் ஓக் காட்டுக்குள் நடந்தவர்கள் இந்தச் செடியைப் பார்த்திருப்பார்கள், ஆனால் புல் என்று நினைத்துக் கடந்திருப்பார்கள். கணுக்கால் உயரத்துக்குச் சற்று மேல், மெல்லிய தாள்கள், எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். பென்சில்வேனியா கோரை என்பது இதன் பெயர். ஓக் கோரை என்றும் சொல்வார்கள். மிச்சிகன், நியூ ஜெர்சி, ஒன்டாரியோ பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் "மரத்தடியில் புல்லே வரமாட்டேன் என்கிறது, என்ன வைக்கலாம்?" என்று கேட்கும்போது அடிக்கடி அடிபடுகிற பெயரும் இதுதான். வருகிற கேள்விகளில் பாதி தோட்டம் பற்றியவை. காட்டில் இது எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொண்டால் அவற்றில் பலவற்றுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். அதனால் காட்டிலிருந்து தொடங்குகிறேன்.

கேள்வி: பார்க்கப் புல் மாதிரிதான் இருக்கிறது. கோரை என்று எப்படிச் சொல்வது?

பூத்தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருண்டை, கணுக்கள் புடைத்துத் தெரியும். கோரைத் தண்டில் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். தாள்களும் மூன்று திசையில் கிளம்பும். புல்லில் இரண்டு திசைதான். வயலில் கோரை பிடுங்கிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அந்த வயல் கோரையும் இந்த ஓக் கோரையும் சைப்பரேசி என்ற ஒரே குடும்பம். பேரினம்தான் வேறு. நம் கோரைக்கிழங்கு சைப்பரஸ் பேரினம்; இது கேரெக்ஸ், முழுப் பெயர் கேரெக்ஸ் பென்சில்வானிகா. கேரெக்ஸில் மட்டும் சுமார் 2,000 இனங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெண் பூவையும் ஒரு சிறு பை மூடியிருக்கும், விதை அதற்குள்ளேயே முற்றும் என்பது இந்தப் பேரினத்தின் அடையாளம். ஓக் கோரையில் அந்தப் பையின் மேல் நுண்ணிய ரோமம் இருக்கும், அதைப் பார்க்க லென்ஸ் வேண்டும். லென்ஸ் கையில் இல்லையா, செடியின் அடிப்பகுதியைப் பாருங்கள்: சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம், பழைய இலையுறைகள் நார் நாராகக் கிழிந்திருக்கும்.

இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க், 1792இல். பள்ளிப் பாடத்தில் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோடு வருவாரே, அவரேதான்.

கேள்வி: கோரை என்றால் ஆற்றோரம், குளக்கரை, வயல் வரப்பு. காய்ந்த காட்டுத் தரையில் கோரைக்கு என்ன வேலை?

கேரெக்ஸ் இனங்களில் பலவும் ஈரத்தில் வளர்பவைதான். ஓக் கோரை அந்தக் கூட்டத்தில் சேராதது. மணல் கலந்த, தண்ணீர் நிற்காத, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண் இதற்குப் பிடிக்கும். வறண்ட மேட்டு நிலத்து ஓக் காடுகள், ஓக்கும் ஹிக்கரியும் கலந்த சரிவுகள், பைன் மரங்கள் சிதறி நிற்கும் மணற்காடுகள், சர்க்கரை மேப்பிள் காடுகளின் உலர்ந்த பகுதிகள் ஆகியவைதான் இதன் வீடு. வடக்கே கனடாவின் தென்பகுதி, மேற்கே பெரும் புல்வெளிகளின் விளிம்பு, தெற்கே அப்பலாச்சியன் மலைகள் வழியாக ஜார்ஜியா வரை பரவியிருக்கிறது.

ஓக் மரத்தடியே இதற்கு ஏன் இவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு வெளிச்சம் ஒரு பெரிய காரணம். வசந்தத்தில் மேப்பிளுக்குப் பிறகுதான் ஓக் துளிர்க்கும். ஏப்ரலிலும் மே மாதத் தொடக்கத்திலும் ஓக் காட்டுத் தரையில் நேர் வெயில் விழுகிறது. இந்தக் கோரை அந்த வெயிலில் பூத்து, காய்த்து, தாள் நீட்டி, ஆண்டு வேலையில் பெரும்பகுதியை முடித்துக்கொள்கிறது. மேலே இலை மூடிய பிறகும் ஓக்கின் கிளைகள் வழியே புள்ளி புள்ளியாக வெளிச்சம் இறங்கும், கோடையைக் கடத்த அது போதும். அடர்ந்த மேப்பிள் நிழலில் அந்த வசதி இல்லை. தோட்டக் கேள்விகளுக்கு வரும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: இதற்குப் பூ உண்டா? எப்போது பார்க்கலாம்?

ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும். தண்டின் உச்சியில் ஆண் கதிர், மகரந்தப் பை வெளிவரும்போது வெளிர் மஞ்சள். அதற்குக் கீழே ஒன்று முதல் மூன்று பெண் கதிர்கள், வெள்ளை நூல் போலச் சூலகமுடிகள். காற்றுதான் மகரந்தம் சுமக்கிறது, அதனால் வண்ணமும் வாசனையும் தேவைப்படவில்லை. டிரில்லியம் பூவைத் தேடிக் காட்டுக்குப் போகிறவர்கள் அதே வாரத்தில் இதையும் மிதித்துக்கொண்டுதான் போவார்கள்.

கேள்வி: காட்டுத் தீயில் அழிந்துவிடாதா?

அழியாது. சொல்லப்போனால் தீ வேண்டும். உயிர் முழுக்கத் தரைக்குக் கீழே ஓடும் மட்டநிலத்தண்டில் இருக்கிறது. வசந்தத்தில் காய்ந்த ஓக் சருகும் கோரைத் தாளும் சேர்ந்து தாழ்வான தீயாக எரிந்து, வேகமாகக் கடந்துபோகும். சில வாரங்களில் கோரை திரும்பத் துளிர்த்துவிடும். ஓக் மரத்துக்குத் தடித்த பட்டை, தாங்கிக்கொள்ளும். மெல்லிய பட்டையுள்ள மேப்பிள் கன்றுகள் கருகிவிடும். ஆக, தீ வந்துபோகும் இடம் ஓக்குக்கும் கோரைக்கும் சொந்தமாகவே இருக்கும். ஒஜிப்வே, பொட்டவாட்டமி போன்ற பூர்வகுடிகள் இதைத் தெரிந்து வேண்டுமென்றே தீ வைத்துக் காட்டைத் திறந்து வைத்திருந்தார்கள்.

ஐரோப்பியர் குடியேறிய பிறகு நிலம் உழவுக்குப் போனது, 20ஆம் நூற்றாண்டில் தீயை அணைப்பதே கொள்கையாகவும் ஆனது. மத்திய மேற்கில் ஓக் மரங்கள் விலகி விலகி நிற்க, நடுவே புல்லும் கோரையும் பூவும் வளர்ந்த திறந்த ஓக் நிலங்கள் ஒரு காலத்தில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் இருந்தன. 1985 நிலவரத்தைக் காட்டும் கணக்கெடுப்பில் நல்ல நிலையில் எஞ்சியவை 113 இடங்கள், மொத்தம் சுமார் 2,600 ஹெக்டேர். பழைய பரப்பில் 0.02 சதவீதம்! இப்போது மாநில இயற்கை வளத் துறைகளும் பாதுகாப்பு அமைப்புகளும் திட்டமிட்டுத் தீ வைத்து அந்த நிலங்களை மீட்க முயல்கின்றன.

மிச்சிகனின் கிரேலிங் பக்கத்து மணற்காடுகளுக்கும் இதே கதைதான். அங்கே இளம் ஜாக் பைன் மரங்களுக்கு அடியில், தரையில், புல்லும் கோரையும் மறைக்கும் இடத்தில் கிர்ட்லேண்ட் வார்ப்ளர் என்ற சிறு பறவை கூடு கட்டுகிறது. தீ நின்றதால் இளம் பைன் காடுகள் குறைந்தன, பறவையும் அருகியது. மரத்தை வெட்டி மறுபடி நட்டு இளங்காட்டை உண்டாக்கியும், அதன் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும் மாட்டுப்பறவைகளைக் கட்டுப்படுத்தியும் அதைப் பெருக்கினார்கள். 2019இல் அமெரிக்காவின் அழியும் நிலை உயிரினப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது.

கேள்வி: நாங்கள் போன காட்டில் தரை முழுக்க இந்தக் கோரைதான், வேறு செடியே இல்லை. பார்க்க அவ்வளவு அழகு. காடு செழிப்பாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

எந்தக் காடு என்று பார்க்க வேண்டும். மணற்பாங்கான ஓக் காடு என்றால் இயல்பு. வடக்கு மின்னசோட்டா, விஸ்கான்சின், மேல் மிச்சிகன் பக்கத்துச் சர்க்கரை மேப்பிள் காடு என்றால் சந்தேகப்படுங்கள். அங்கே தரையில் டிரில்லியம், பெரணி, மேப்பிள் கன்றுகள் எல்லாம் கலந்து இருக்க வேண்டும். அவை போய் ஒரே கோரைப் பரப்பாக இருந்தால் இரண்டு பேர் மேல் கை காட்டலாம்: மண்புழு, மான்.

மண்புழுவா என்று திகைப்பீர்கள். உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். வயலில் அது உண்மைதான். ஆனால் வட அமெரிக்காவின் வடபகுதியைப் பனிப்பாறைகள் மூடியிருந்தன. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு அவை விலகிய பிறகு உருவான காடுகளில் மண்புழுவே கிடையாது. மண்புழு இல்லாத நிலத்துக்கு ஏற்பத்தான் அந்தக் காடுகள் வளர்ந்தன. உதிர்ந்த இலைகளைப் பூஞ்சைகள் மெதுவாக மட்கச் செய்ய, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பஞ்சு போன்ற சருகுப் படுகை தரையை மூடியிருந்தது. விதைகள் முளைத்ததும், மெல்லிய வேர்கள் ஓடியதும் அதற்குள்தான்.

இன்று அங்கே இருக்கும் மண்புழுக்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. கப்பலில் பாரத்துக்குப் போட்ட மண்ணிலும், செடித் தொட்டிகளிலும், பிறகு தூண்டில் இரையாகவும் வந்தன. மீன் பிடித்து முடித்து மிச்சப் புழுவை ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போவது வழக்கம். தானாக ஊர்ந்தால் புழுக் கூட்டத்தின் முன்னணி ஆண்டுக்கு 5 முதல் 10 மீட்டர்தான் நகரும். மனிதர்கள்தான் அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தார்கள். புழு வந்த சில ஆண்டுகளில் சருகுப் படுகை தின்று தீர்க்கப்பட்டு, வெறும் கறுப்பு மண் தெரியும். வேரோடு ஒட்டி வாழ்ந்து சத்து சேர்த்துக் கொடுக்கும் வேர்ப்பூஞ்சைகளை நம்பி வாழும் செடிகள் முதலில் விழும். மின்னசோட்டாவின் சிப்பேவா தேசியக் காட்டில் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

கோரைக் குடும்பத்தில் பல செடிகள் வேர்ப்பூஞ்சையை நம்புவதில்லை. அதனால் பூஞ்சை வலை அறுந்தாலும் ஓக் கோரைக்குப் பெரிய இழப்பில்லை. மிஞ்சிய பூச்செடிகளையும் மரக்கன்றுகளையும் வெள்ளைவால் மான் தேடித் தேடிக் கடிக்கும். ஓநாய் ஒழிந்து, வேட்டையும் குறைந்த இடங்களில் மான் கூட்டம் கணக்கில்லாமல் பெருகியிருக்கிறது. கோரையை மான் கடித்தாலும் வளர்முனை தரையோடு ஒட்டியிருப்பதால் மறுபடி தாள் விட்டுவிடும். காலியான இடமெல்லாம் கோரைக்கு வந்து சேர்கிறது. அதன் வேர்ப்பின்னல் ஒருமுறை இறுகிவிட்டால் மேப்பிள் விதை அதற்குள் முளைத்து எழும்புவது கடினம். பெரிய மரம் விழுந்தாலும் அந்த இடத்துக்குக் கன்று வராது.

கோரையைக் குற்றவாளியாக்குவது நியாயம் இல்லை என்பது என் கருத்து. அதுவும் அந்த மண்ணின் செடிதான். கூட இருந்தவர்கள் எல்லாம் போன வீட்டில் அது மட்டும் மிஞ்சி நிற்கிறது, அவ்வளவே.

கேள்வி: அப்படியானால் என் தோட்டத்தில் மண்புழு உரம் போடக் கூடாதா?

காய்கறிப் பாத்தியில் ஏற்கெனவே மண்புழு இருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். காட்டை ஒட்டி வீடு என்றால் புதிதாகப் புழு வாங்கி விடாதீர்கள். தூண்டில் புழு மிஞ்சினால் குப்பையில் போடுங்கள், கரையில் அல்ல. இப்போது ஆசியாவிலிருந்து வந்த துள்ளும் புழு ஒன்று வடகிழக்கு மாநிலங்களிலும் பெரும் ஏரிகள் பக்கமும் பரவிவருகிறது. தொட்டால் பாம்பு மாதிரி நெளிந்து துள்ளும், மேல்மண்ணைக் குருணை குருணையாக்கிவிடும். செடி பரிமாறிக்கொள்ளும்போது தொட்டி மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: சரி, வீட்டு மரத்தடிக்கு வருவோம். புல்லுக்குப் பதிலாக இதை வைக்கலாமா?

மரம் ஓக், மண் தண்ணீரை வடிக்கும், காலையிலோ மாலையிலோ கொஞ்சம் வெயில் எட்டிப்பார்க்கும் என்றால் தாராளமாக வைக்கலாம். மரம் நார்வே மேப்பிள், அடியில் நண்பகலிலும் இருட்டு, கையளவு தோண்டினால் வேர் வேர் என்று தட்டுகிறது என்றால் காசை வீணாக்காதீர்கள். களிமண்ணில் தண்ணீர் தேங்கும் இடமும் வேண்டாம், அதற்கு வேறு கேரெக்ஸ் இனங்கள் இருக்கின்றன. டெலவேர் மாநிலத்து மவுண்ட் கியூபா சென்டர் சுமார் 70 வகை கேரெக்ஸ்களை ஒன்றாக நட்டு ஒப்பிட்டுப் பார்த்தது. அதில் முதலிடம் பெற்றது கேரெக்ஸ் வூடியை, ஓக் கோரையின் சாயல் கொண்ட இனம். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் அதையும் யோசிக்கலாம்.

இன்னொன்று. இது பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிற தரை ஆகாது. எப்போதாவது நடந்துபோனால் தாங்கும், தினமும் மிதித்தால் போய்விடும்.

கேள்வி: கோரை என்றாலே ஒழிக்க முடியாத களை. இதுவும் அப்படிப் பரவித் தொல்லை தருமா?

கோரைக்கிழங்கு தந்த பயம் இது! ஓக் கோரைக்குக் கிழங்கு கிடையாது. மட்டநிலத்தண்டு மெதுவாக, ஆண்டுக்குச் சில அங்குலம்தான் நகரும். உண்மையில் வருகிற புகார் நேர் எதிரானது: "நட்டு இரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் இடைவெளி மூடவில்லை."

கேள்வி: எத்தனை கன்று தேவைப்படும்? எப்போது நடுவது?

சிறு குழித்தட்டில் வளர்ந்த கன்றுகள் போதும், பெரிய தொட்டிச் செடிக்குச் செலவழிக்க வேண்டாம். ஓரடி இடைவெளி என்றால் 100 சதுர அடிக்கு 100 கன்று. 9 அங்குலம் என்றால் சுமார் 178, 8 அங்குலம் என்றால் 225. நெருக்கி நட்டால் களை எடுக்கும் வேலை குறையும். ஆகவே காசு குறைவாக இருந்தால் இடைவெளியைக் கூட்டாமல் பரப்பைக் குறையுங்கள். அடுத்த ஆண்டு அதையே பிரித்து நட்டுக்கொள்ளலாம்.

வசந்தத்திலோ செப்டம்பரிலோ நடலாம். முதல் ஆண்டு மழை இல்லாத வாரங்களில் வாரத்துக்கு ஓர் அங்குலம் தண்ணீர் கொடுங்கள். அப்புறம் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும். உரம் வேண்டாம், உரம் போட்டால் களைக்குத்தான் கொண்டாட்டம். முயல் இளங்கன்றை அடியோடு கத்தரித்துவிடும், முதல் சில மாதம் கம்பிவலை போட்டுவிடுங்கள். இலையுதிர் காலத்தில் விழும் ஓக் இலை லேசாக மூடினால் பரவாயில்லை. மேப்பிள் இலை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாயாகப் படிந்தால் மட்டும் வாரிவிடுங்கள், அல்லது இயந்திரத்தில் நொறுக்கிப் போடுங்கள்.

கேள்வி: விதை வாங்கித் தூவினால் மலிவாக முடியுமே?

முடியும், முளைத்தால். ஒரு தண்டில் காய்ப்பதே கொஞ்சம். மே கடைசி, ஜூனில் முற்றிச் சட்டென்று உதிர்ந்துவிடும். சேகரித்ததும் எளிதில் முளைக்காது. அதனால்தான் நாற்றுப் பண்ணைகள் பெரும்பாலும் வேரோடு பிரித்துப் பெருக்குகின்றன. காட்டில்கூட இது விதையை விடத் தண்டை நம்பித்தான் பரவுகிறது. இதே காடுகளில் கேரெக்ஸ் பெடன்குலேட்டா என்ற இன்னொரு கோரை உண்டு, அதன் கணக்கே வேறு. விதையில் எறும்புக்கு ஒரு கொழுப்புத் துணுக்கை ஒட்டிவைத்திருக்கும். எறும்பு புற்றுக்கு இழுத்துப்போய்த் துணுக்கைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும்.

கேள்வி: கடையில் பெயர்ச்சீட்டு சரியாக இருந்தால் நம்பி வாங்கலாமா?

கேரெக்ஸ் வியாபாரத்தில் பெயர்க் குழப்பம் பழைய நோய். கலிபோர்னியாவில் உள்ளூர் இனமான கேரெக்ஸ் டுமுலிகோலா என்று சொல்லிப் பல காலம் விற்கப்பட்டது, கடைசியில் பார்த்தால் ஐரோப்பிய இனமான கேரெக்ஸ் டைவல்சா. எனவே உங்கள் மாநிலத்து விதையிலிருந்தோ செடியிலிருந்தோ வளர்த்த உள்நாட்டுத் தாவரப் பண்ணையில் வாங்குவது நல்லது. தட்டிலிருந்து கன்றை உருவி அடியைப் பாருங்கள். சிவந்த அடியும், பக்கவாட்டில் ஓடத் தொடங்கிய தண்டும் இருக்க வேண்டும். வெறும் குத்தாக மட்டும் நின்றால் கேள்வி கேளுங்கள்.

கேள்வி: காட்டில் இவ்வளவு இருக்கிறதே, நாலு குத்து பிடுங்கி வந்தால் என்ன?

பூங்காக்களிலும் பாதுகாக்கப்பட்ட காடுகளிலும் சட்டப்படி தவறு. நடைமுறையிலும் லாபமில்லை. தண்டு அறுந்து வரும், கூடவே துள்ளும் புழுவும் வந்து சேரலாம்.

கேள்வி: வெட்டவே வேண்டாமா? குடியிருப்புச் சங்கத்தில் நோட்டீஸ் ஒட்டுவார்களே?

தாள் ஓரடி நீண்டாலும் சாய்ந்து விழுவதால் உயரம் பெரும்பாலும் 6 முதல் 8 அங்குலம்தான். பல ஊர்களின் புல் உயர விதிக்குள் அடங்கிவிடும், ஆனாலும் உங்கள் ஊர் விதியைப் படித்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை 3 அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டினால் தாங்கும். ஓரத்தை மட்டும் நேராக வெட்டி ஒரு கல் வரிசை வைத்துவிட்டால், வேண்டுமென்றே வளர்த்தது என்று அக்கம்பக்கத்தாருக்குப் புரியும். பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

கேள்வி: உண்ணி வருமா? லைம் நோய் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிக்கு நிழலும் ஈரச் சருகும் மான் நடமாட்டமும் உள்ள காட்டோரம் பிடிக்கும். கோரை நட்டாலும் நடாவிட்டாலும் அந்த ஓரத்தில் உண்ணி இருக்கும். புல்தரைக்கும் காட்டுக்கும் நடுவே 3 அடி அகலத்துக்கு மரச்சீவலோ சரளைக்கல்லோ போடச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். குழந்தைகள் விளையாடும் இடத்தை வெயில் பக்கம் வையுங்கள். களை எடுத்து முடித்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதோரம் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இதில் பாய் முடையலாமா?

முடியாது. பத்தமடைப் பாய்க்கு ஆளுயரத் தண்டுள்ள ஆற்றோரக் கோரை வேண்டும். இதன் தாள் அகலமே 1 முதல் 3 மில்லிமீட்டர்தான்.

கேள்வி: டிசம்பரில் எல்லாம் பழுப்பாகிவிட்டது. செத்துவிட்டதா?

இல்லை. குளிர் அதிகமான இடங்களில் தாள் வைக்கோல் நிறமாகும், குளிர் குறைந்த தெற்கில் பாதி பச்சையாகவே இருக்கும். பழைய தாள் அழுக்காகத் தெரிந்தால் மார்ச்சில், புதுத்துளிர் நீளும் முன் வெட்டிவிடலாம். துளிர் வந்த பிறகு வெட்டினால் அந்த ஆண்டின் பூ போய்விடும்.

கேள்வி: ஊருக்கு எடுத்துப்போய் வளர்க்கலாமா?

வேண்டாம். கடும் குளிர்காலத்துக்குப் பழகிய செடி, நம் சமவெளி வெயிலில் நிற்காது. மண் ஒட்டிய செடியை விமானத்தில் கொண்டுபோவதும் சட்டச் சிக்கல். நீலகிரியிலும் பழனி மலையிலும் கேரெக்ஸ் பேரினத்துச் செடிகள் ஏற்கெனவே இருக்கின்றன. கேரெக்ஸ் பக்கான்ஸ் என்ற இனத்தில் சிவப்புச் சிறு மணிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கும். கொடைக்கானல் பக்கம் போனால் சோலைக்காட்டு ஓரங்களில் தேடிப் பாருங்கள்.